நன்னீர் காத்த கமக்காரர்

தீவில் வாழ்வோர்க்கு நிலமும் நீரும் அளவுபட்டவை. பரந்த கண்டத்தில் ஒரு நிலம் கெட்டால் மக்கள் வேறு நிலம் தேடிச் செல்லலாம். ஓர் ஆறு வற்றினால் மற்றோர் ஆற்றங்கரையிற் குடியேறலாம். தீவில் வாழ்வோர்க்கு அவ்வசதி இல்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்திருக்க, இருப்பதைக் கொண்டே அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழவேண்டும். ஆதலின், உள்ள நிலத்தையும் நீரையும் அழியாது பேணிப் பயிர்செய்யும் முறையைக் கண்டறிந்தோரே ஒரு தீவின் வரலாற்றில் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கோராவர். அரசரையும் படைகளையும் பற்றிப் படிக்கும் நாம் இவர்களைப் பற்றி அதிகம் படிப்பதில்லை. அக்குறையைச் சிறிதேனும் நீக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்கு நீரின் அருமை எளிதிற் புலப்படுவதில்லை. குழாயைத் திருப்பினால் நீர் வருகிறது. களனி கங்கையின் நீர் அம்பத்தலையிலிருந்தும், மழைக்காட்டு நீர் லபுகமை, களட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்தும் நம்மை நாடி வருகின்றன. நம்முட் பலருடைய பாட்டனாரும் பாட்டியாரும் பிறந்த யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலையோ வேறு. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. கொழும்பிற் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதியளவே, அதாவது ஆண்டுக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழையே அங்கு பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள சில வாரங்களிற் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அத்தகைய வறண்ட மண்ணிலே செழித்த புகையிலைத் தோட்டங்களும், வெங்காயத் தறைகளும், வாழைத் தோட்டங்களும், திராட்சைப் பந்தல்களும் எவ்வாறு உண்டாயின? இவ்வினாவுக்கு விடை காண்பதே நம் முன்னோரின் அறிவை அளந்தறியும் வழி.

நிலத்தின் இயல்பு

குடாநாட்டின் அடியிற் கிடப்பது சுண்ணாம்புக்கல். அக்கல்லிலே வெடிப்புகளும் குகைகளும் நிறைந்துள்ளன. மாரிமழை மண்ணூடாக இறங்கி அவ்வெடிப்புகளிற் சேர்கின்றது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் இவ்வமைப்பின் வெளித்தோற்றங்களே. எனினும், கீழேயுள்ள அக்கல்லினுள் கடல்நீரும் புகுந்து நிற்கின்றது. உவர்நீர் கனமுடையது, நன்னீர் இலேசானது. ஆகவே, நீரின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல உவர்நீரின்மேல் நன்னீர் ஒரு வில்லையாக மிதந்துகொண்டிருக்கிறது.

இவ்வுண்மையை மேனாட்டறிஞர் இருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே ஆராய்ந்து கூறினர். ஒருவர் ஒல்லாந்தரான கைபன்; மற்றவர் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க். பின்னவர் வடகடலிலுள்ள சிறு தீவுகளுக்குக் குடிநீர் தேட முயன்றபோதே இதனைக் கண்டார். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால் அச்சம் தோன்றும். மேலே ஓர் அடி நீரை நாம் நிரந்தரமாகக் குறைத்துவிட்டால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவரும் என்பதே அதன் பொருள். ஒருமுறை உவர் ஏறிய கிணறு மீண்டும் நன்னீராக எத்தனையோ மாரிகள் வேண்டும். அதற்குள் அக்கிணற்றை நம்பிய தோட்டம் பாழாகிவிடும்.

துலாவும் பங்கும்

நம் கமக்காரர் இக்கணக்கை எழுத்திற் கற்றவரல்லர். எனினும் அதற்கேற்பவே வாழ்ந்தனர். அவர்களுடைய இறைப்பு துலாவினால் நடைபெற்றது. பொழுது புலருமுன்னே துலாவின்மேல் ஒருவரோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் மிதிப்பர். கீழே நிற்பவர் பனையோலையால் இழைத்த பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்றுவார். இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். மனிதரின் காலும் கையும் களைக்கும் அளவுக்கே நீர் எடுக்கப்பட்டது. ஓர் இறைப்பு முடிந்ததும் கிணறு ஊறுவதற்கு ஓய்வு கிடைத்தது. வருந்தி இறைத்த நீராதலின் அதில் ஒரு பட்டையேனும் வீணாக விடுவாரில்லை.

மற்றொரு காவலும் இருந்தது. அது பங்குக் கிணறு. ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பங்காக உடையனவாய் முறைவைத்து இறைத்தன. இன்றும் நம் குடும்பத்துக் காணி உறுதிகளை எடுத்துப் பார்ப்போமாயின், நிலத்தின் பரப்பும் எல்லையும் கூறியபின், கிணற்றிலுள்ள பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் தனியே எழுதப்பட்டிருத்தலைக் காணலாம். தன் முறைக்குமேல் ஒருவன் இறைத்தால் அடுத்த பங்காளி உடனே கேட்பான். இதனாற் சச்சரவுகளும் வழக்குகளும் எழுந்ததுண்டு, அதனை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும், நீர் தனியொருவன் பொருளன்று, அளவோடு பகிர்ந்துண்ணத்தக்கது என்னும் எண்ணம் சட்டத்திலும் வழக்கத்திலும் ஊறியிருந்தது என்பதற்கு அவ்வுறுதிகளே சான்று.

மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதற்கும் அவர்கள் வழி செய்திருந்தனர். குடாநாடெங்கும் நூற்றுக்கணக்கான சிறு குளங்கள் வெட்டப்பட்டன. கோவில்தோறும் கேணி அமைந்தது. கோடைதோறும் குளத்தைத் தூர்வாரி, அவ்வண்டலை வயலுக்கும் தோட்டத்துக்கும் இட்டனர். குளம் ஆழமானது; வயல் வளமானது; மாரியில் தேங்கிய நீர் மெல்ல இறங்கி அயற்கிணறுகளை நிரப்பியது. ஒரே வேலையில் மூன்று பயன்! கோவிற் கேணியைப் புனிதம் என்று காத்தமைக்கு இவ்வுலகியற் பயனும் ஒரு காரணமாதல் கூடும்.

குழையும் பட்டியும்

நீரைப் பேணியதுபோலவே மண்ணையும் பேணினர். சுண்ணாம்புக்கல்லின்மேற் படிந்துள்ள செம்பாட்டு மண் பல இடங்களில் ஆழமற்றது. அதற்கு ஆண்டுதோறும் உணவு ஊட்டவேண்டும். பூவரசு, வாதநாராயணி, கிளுவை முதலிய மரங்களை வேலிக் கதியால்களாக நட்டு, அவற்றின் குழையை வெட்டித் தோட்டத்திற் புதைத்தனர். பழைய பனையோலையைக் கிழித்து மண்ணிற் தாட்டனர். மாடுகளையும் ஆடுகளையும் இரவில் தோட்டத்திற் பட்டியடைத்து, இடம் மாற்றி மாற்றி எருவேற்றினர். வேலி என்பது அவர்களுக்கு வெறும் எல்லையன்று. அஃது உரக்களஞ்சியம், ஆட்டுத்தீனி, காற்றுத்தடுப்பு எல்லாமாகும். இன்றைய அறிஞர் பேசும் ‘நிலைபேறான விவசாயம்’ என்னும் சொல் அவர்களுக்குத் தெரியாது. அச்சொல்லின் பொருளை அவர்கள் வேலியிலே நட்டுவைத்திருந்தனர்.

இயந்திரம் வந்த காலம்

1950ஆம் ஆண்டுகளிலிருந்து துலா இருந்த இடத்தில் மண்ணெண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. அதனை நாம் பழித்தலாகாது. துலா மிதித்து முதுகொடிந்த தொழிலாளர்க்கு அது விடுதலை தந்தது. முற்காலத்துத் துலா மிதிப்பிற் கூலிக்கு உழைத்தோர் பட்ட துன்பத்தையும், சாதியின் பேரால் பொதுக் கிணற்றில் நீரள்ளவும் தடுக்கப்பட்டோர் பட்ட இழிவையும் மறந்து பழமையைப் பொற்காலம் என்று பாடுதல் நேர்மையாகாது. மேலும், 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதியை அரசாங்கங்கள் கட்டுப்படுத்தியமையால் குடாநாட்டுக் கமக்காரர் நல்ல விலை பெற்றனர். கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றனர், நம்மிற் சிலர் கொழும்புக்கு வந்து சேர்ந்ததும் அப்பணத்தின் துணையாலேயாம். 1977இன் பின் இறக்குமதி திறக்கப்பட்டபோது அவ்விலை சரிந்தது.

எனினும், இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை என்பதை நாம் எண்ணவேண்டும். மனிதன் களைத்து நின்ற இடத்தில் அது நிற்பதில்லை. துலாவோடு அளவும் போயிற்று. குழையும் எருவும் இட்ட இடத்தில் யூரியா வந்தது. ஆழமற்ற மண்ணினூடாகவும் வெடித்த கல்லினூடாகவும் அவ்வுரத்தின் எச்சம் நேரே கிணற்றுக்கு இறங்கியது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வரையறை மீறப்பட்டிருத்தலை 1980களிலிருந்தே ஆய்வாளர் எடுத்துக்காட்டி வந்துள்ளனர். இதனால் முதலிற் பாதிக்கப்படுவோர் பாற்குழந்தைகளாவர்.

எந்திரி ஆறுமுகம் கண்ட ஆறு

இவ்விடர் முற்றுமுன்னரே நீரின் முடிவை எண்ணிப் பார்த்த ஒருவர் இருந்தார். அவர் 1905ஆம் ஆண்டு பிறந்த எந்திரி சண்முகம் ஆறுமுகம். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் உயர்பதவி வகித்த இவர், இலங்கையின் நீர்வளங்கள் பற்றி 1969இல் ஒரு பெருநூலும், பிற்காலத்தில் நம் பழைய சிவாலயங்கள் பற்றி நூல்களும் எழுதியவர். குளங்களை அளந்த கையே கோவில்களைப் பற்றியும் எழுதியது என்பது நம் சங்கத்து இளைஞர் அறிந்திருக்கத்தக்க செய்தி.

ஆறில்லாத குடாநாட்டுக்கு ஓர் ஆறு தரலாம் என்று 1954இல் அவர் திட்டம் வகுத்தார். வன்னியின் கனகராயன் ஆற்று நீர் மாரியில் ஆனையிறவுக் களப்பில் விழுந்து, சுண்டிக்குளத்தினூடாகக் கடலுக்குப் போகின்றது. சுண்டிக்குளத்தில் அணை கட்டிக் களப்பை நன்னீராக்குதல் வேண்டும். அங்கிருந்து முள்ளியானூடாக ஒரு கால்வாய் வெட்டி நீரை வடமராட்சிக் களப்புக்கு அனுப்புதல் வேண்டும். தொண்டமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகள் அமைத்துக் கோடையிற் கடல்நீர் புகாது தடுத்தல் வேண்டும். இதுவே அவர் கருத்து. இதன் நோக்கம் வாய்க்கால்வழி பாய்ச்சுதல் மட்டுமன்று. களப்புகளில் நன்னீர் நின்றால் அயலிலுள்ள உவர்நிலம் திருந்தும். நிலத்தடி நன்னீர் வில்லை தடிக்கும். ஆயிரமாயிரம் கிணறுகள் தாமே பயன்பெறும். எவர் வீட்டையும் இடிக்காமல், எவர் வயலையும் மூழ்கடிக்காமல், கடலுக்குப் போகும் மாரி வெள்ளத்தைச் சற்றுத் தடுத்துவைத்தலே அத்திட்டத்தின் சிறப்பு.

தொண்டமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகள் அமைந்தன. சுண்டிக்குளத்திலும் முள்ளியானிலும் தொடங்கிய பணிகளோ நிறைவுறவில்லை. அணையை வெள்ளம் உடைத்தது. பின்னர் போர் எல்லாவற்றையும் நிறுத்திற்று. பேணுவாரின்றித் தொண்டமானாற்றுக் கதவுகள் உக்கின. உவர்நீர் மீண்டும் உள்ளே வந்தது. போருக்குப் பின்னரே அக்கதவுகள் புதுக்கப்பட்டன.

அக்காலத்தில் நிறைவேறாத வேலையின் விலையைப் பிற்காலத்தார் செலுத்தினர். 2010களில் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாய்வழி கொண்டுவர முயன்றபோது, தம் நெல்வயலுக்கு நீர் குறையும் என்று கிளிநொச்சிக் கமக்காரர் அஞ்சி எதிர்த்தனர். தாகத்தோடு நின்றவரும் தமிழர். வயலைக் காத்து நின்றவரும் தமிழர். இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. முடிவில் வடமராட்சி கிழக்கின் தாழையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. குடிப்பதற்கு அது பெரும் உதவி. மின்சாரமும் பணமும் விழுங்கும் அந்நீரைக் கொண்டு வெங்காயம் விளைவித்தல் இயலாது. கமத்துக்கு இன்றும் மாரிமழையே கதி.

பனை நட்டவரும் உழவு மாற்றியவரும்

நீரைப்போல் மரத்தையும் எண்ணியோர் இருந்தனர். பனையை நாம் கற்பகதரு என்று புகழ்வோம். வடலியைத் தறிக்கத் தயங்கோம். யாழ்ப்பாணத்தில் ‘மில்க்வைற்’ சவர்க்காரத் தொழிலகத்தை நடத்திய கனகராசா அவர்கள் புகழ்ச்சியோடு நில்லாது, 1970களிற் பனம்விதைகளைச் சேர்ப்பித்து ஊரூராக நடுவித்தார். சவர்க்காரம் விற்ற பெயராலேயே பனையையும் பரப்பினார். பனை காய்க்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். நட்டவன் பயனைக் காண்பான் என்ற உறுதியில்லை. அவர் இதனை அறிந்தே நட்டார். 1978இல் அரசாங்கம் பனை அபிவிருத்திச் சபையை நிறுவியது. அதன்பின் வந்த போரிற் காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. அழிந்ததை ஈடுசெய்ய இன்றும் விதை நடுவோர் உளர்.

தென்னிலங்கையிலும் இவ்வழியிற் சிந்தித்தோர் இருந்தனர். கொழும்பிற் பிறந்த பொறியியலாளர் றே விஜேவர்த்தன (1924–2010) 1950களில் இருசில்லு உழவு இயந்திரத்தை உருவாக்கினார். வடக்கிலும் கிழக்கிலும் நம்மவர் இன்றும் ‘லாண்ட்மாஸ்ரர்’ என்று அழைப்பது அதன் வழிவந்த இயந்திரங்களையே. அதனாற் பெரும்புகழ் பெற்ற அவர், எருமையை இயந்திரமாக்கினோமேயன்றி வேளாண்மையை மேம்படுத்தினோமா என்று பின்னர் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டார். ஆழ உழுதலால் வெப்பநாட்டு மண் மழையில் அரித்துச் செல்லப்படுதலைக் கண்டார். நைஜீரியாவிலுள்ள ஆய்வு நிலையத்தில் உழாது விதைக்கும் முறைகளில் உழைத்தார். தாய்நாடு திரும்பியபின், சரிந்த நிலத்திற் சமவுயரக் கோடுகளாகக் கிளிசிறிடியா மரத்தை நட்டு, அதன் குழையை உரமாகவும் விறகை எரிபொருளாகவும் கொள்ளும் வழியைப் பரப்பினார். தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் 2005இல் கிளிசிறிடியாவை ஏற்றுக்கொண்டது. அறிவியலின் நெடுஞ்சாலையிற் சுற்றிவந்த அப்பொறியியலாளர் இறுதியில் வந்து நின்ற இடம் நம் பாட்டனாரின் கிளுவை வேலி அருகிலேயே என்றால் அது மிகையாகாது.

தடையும் கட்டளையும்

இரசாயன உரம் இல்லாத வேளாண்மையை இத்தீவு அண்மைக்காலத்தில் இருமுறை கண்டது. இருமுறையும் மக்கள் விரும்பி ஏற்றதன்று. 1990இன் பின் வந்த பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் உரமும் குடாநாட்டுக்கு வருதல் தடுக்கப்பட்டது. இறைப்புச் சுருங்கிற்று, எருவும் குழையும் மீண்டும் மதிப்புப் பெற்றன. பழைய அறிவுடைய முதியோர் ஊரில் இருந்தமையால் மக்கள் எப்படியோ பிழைத்தனர்.

இரண்டாம் முறை 2021 மே மாதத்தில், இரசாயன உர இறக்குமதி நாடு முழுவதும் திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நல்ல நோக்கத்தின் பெயராலேயே அக்கட்டளை வந்தது. ஆனால், மாற்று உரமோ, பயிற்சியோ, அவகாசமோ கமக்காரர்க்குத் தரப்படவில்லை. நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன. நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. அதற்குள் கமக்காரர் பலர் கடனாளிகளாயினர். இயற்கை வேளாண்மை என்ற சொல்லே பலருக்குக் கசந்துபோயிற்று. மண் ஒரே நாளிற் கெடுவதில்லை. ஒரே நாளில் திருந்துவதும் இல்லை. வேலியில் நட்ட கதியால் குழை தரச் சில ஆண்டுகள் செல்லும். நிலத்தைப் பேணுதல் கட்டளையால் ஆவதன்று; அறிவும் பொறுமையும் கமக்காரரின் சம்மதமும் ஒன்றுசேர்ந்தாலன்றி அது நிலையாது.

கிணற்றுக்காக எழுந்த வழக்கு

இன்னுமொரு செய்தியை ஈண்டுக் குறித்தல் வேண்டும். சுன்னாகத்து மின்நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2010களில் வெளிப்பட்டது. செம்பாட்டுத் தோட்டங்களின் நடுவே நேர்ந்த இத்துன்பத்தை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவர் சிங்களச் சூழலியலாளராகிய ரவீந்திர காரியவசம். 2019 ஏப்பிரிலில் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோர்க்கு மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா வரை இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீருக்கு மாவட்ட எல்லையும் இல்லை, இன எல்லையும் இல்லை. ஒரு தீவின் நீரைக் காக்க எழுவோர் ஒருவருக்கொருவர் உறவினரே என்பதை அவ்வழக்கு நமக்குக் காட்டிற்று.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை ஒன்றே. மழை தந்த அளவுக்குள் எடுத்து, எடுத்ததைப் பலரோடு பகிர்ந்து, எடுத்த இடத்துக்கே ஏதேனும் திருப்பிக் கொடுத்தவரை இந்நிலம் மக்களைத் தாங்கிற்று. அளவு கெட்டபோது கிணறு கெட்டது. துலாவை மீண்டும் நாட்டவேண்டும் என்று நாம் கூறவில்லை. துலா காத்த அளவை நம் அறிவினால் மீண்டும் காக்கவேண்டும் என்றே கூறுகின்றோம்.

கொழும்பில் இருக்கும் நாம் இதற்கு என்ன செய்யலாம் என்று இளைஞர் கேட்கக்கூடும். நம்முட் பலர் இன்றும் ஊரிலுள்ள ஏதோ ஒரு கிணற்றின் பங்காளிகள். உறுதி பெட்டியில் இருக்கிறது. பங்காளிகள் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கின்றனர். கிணறு பாழடைந்து கிடக்கிறது. பங்கு என்பது உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். அக்கிணற்றைத் தூர்வாரிக் கட்டுக்கட்டி, அயலிற் பயிர்செய்வோர் அளவோடு பயன்படுத்த விடுதல் நம்மால் இயலும். காணியை விற்கும்போது வழிவாய்க்காலை மூடாது விடும்படி எழுதிக்கொள்ளல் இயலும். புதுவீடு கட்டுவோர் முற்றம் முழுவதற்கும் சீமெந்து பூசாது, கூரைநீரை நிலத்தில் இறக்குதல் இயலும். மலக்குழியைக் கிணற்றுக்கு அண்மையில் வெட்டாது விலக்குதல் இயலும். கோவிற் கோபுரத்துக்கு நிதி சேர்க்கும் நாம், அதே கோவிலின் கேணியையும் அயற்குளத்தையும் தூர்வாரவும் சிறிது ஒதுக்குதல் இயலும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு நம்மிற் பலர் ஆண்டுதோறும் ஊர் செல்கின்றோம். அது பனம்பழம் விழுகின்ற காலம். கந்தனைக் கண்டு வணங்கியபின், தத்தம் ஊருக்குப் போய் ஒவ்வோர் இளைஞரும் பத்துப் பனம்விதை நட்டு வருவாராயின், நம் சங்கத்தின் பெயர் கல்லிற் பொறிக்கப்படாமலே அம்மண்ணில் நெடுங்காலம் நிற்கும். முதியோர் தாம் அறிந்த குழைகளின் பெயரையும், இறைப்பின் முறையையும், ஊர்க்குளங்களின் எல்லையையும் இளைஞர்க்குச் சொல்லிவைப்பாராக. இளைஞர் அவற்றைக் கேட்டு எழுதிவைப்பாராக. முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற நன்னீரை நம் பின்னோர்க்கும் நன்னீராகவே விட்டுச்செல்வோமாக.